யாளிக்குப் பிறப்புக் கதை இல்லை

மதுரை வில்லாபுரம் சமவெளி. ஆனால் அதைச் சுற்றித் திசைக்கொரு விலங்கு மலையாகப் படுத்திருக்கிறது: மேற்கே பசுமலை, வடமேற்கே நாகமலை, நகரைத் தாண்டி வடகிழக்கே யானைமலை. மூன்றுக்கும் திருவிளையாடற் புராணத்தில் பிறப்புக் கதை உண்டு. மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஏவிய யானையும் பாம்பும் பசுவும் சொக்கநாதரின் அருளால் வீழ்ந்து மலையாகக் கிடக்கின்றன என்பது கதை. வில்லாபுரத்திலிருந்து தெற்குவாசல் வழியாக மீனாட்சி கோயிலுக்குப் போய் ஆயிரங்கால் மண்டபத்தில் நுழைந்தால் இன்னொரு விலங்கு வரிசையாக நிற்கிறது. அது யாளி. அதற்கு எந்தக் கதையும் இல்லை. யாருடைய வேள்வியில் பிறந்தது, யாரை அழிக்க வந்தது, எந்தக் குலத்துக்கு முன்னோர் என்று கேட்டால், கோயிலுக்கு வரும் மக்கள் வழக்கில் பதில் கிடையாது. இந்தக் கதையின்மையைக் குறையாகவே பலரும் பார்க்கிறார்கள். நான் அதை நம் சமய மரபின் ஒரு பெரிய விவேகமாகப் பார்க்கிறேன். தோற்றக் கதை பெற்ற கலப்பு விலங்குகள் எல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டன. யாளி எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது.

யாளி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. யானையை வீழ்த்தும் வலிய விலங்காக 'ஆளி' சங்கப் பாடல்களிலேயே வருகிறது. 1569-இல் அரியநாத முதலியார் எழுப்பிய ஆயிரங்கால் மண்டபத்துக்கு வருவதற்குள் அது சிங்க உடலும் யானைத் துதிக்கையும் பிதுங்கிய கண்களும் கொண்டு பின்னங்காலில் எழுந்து நிற்கக் கற்றுவிட்டது. மேலைநாட்டில் இதற்கு இணை, கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின். வடக்கே தொலைதூரத்தில் அது பொன்னைக் காப்பதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் கேள்விப்பட்டதை எழுதிவைத்தார். இன்றைய கற்பனை நாவல்களோ கிரிஃபின்களுக்குக் குலங்கள், ஆதித் தாய், முதல் முட்டை, குல எல்லை எல்லாம் வகுத்துக் கொடுக்கின்றன. ஓர் உயிரைக் கற்பனை செய்ததும் அதன் பிறப்பைக் கேட்பது மனித இயல்பு. தமிழ்ச் சிற்பி அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் வியப்பு.

பிறப்புக் கதை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நரசிம்மமே சான்று. யானைமலை அடிவாரத்தில் கி.பி. 770-இல் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார். அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை முடித்தார். அதே மலையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள சமணர் குகையும், அச்சணந்தி முதலானோர் பெயர் தாங்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன. ஆக, ஒரே பாறை சமணருக்குத் தவ இடமாகவும் வைணவருக்குக் கோயிலாகவும் இருந்தது. பின்னர் வந்த திருவிளையாடற் புராணம் அந்தப் பாறை முழுவதுக்கும் ஒரே பிறப்புக் கதையை எழுதியது: சமணர் ஏவியது யானை, சிவன் எய்தது நரசிங்கக் கணை, யானை மலையானது, கணை அங்கே நரசிங்க மூர்த்தியானது. இந்த ஒரு வரியில் சமணரின் மலை அவர்களுடைய குற்றத்தின் சின்னமாகிவிட்டது. வைணவரின் கடவுள் சிவன் கையின் ஆயுதமாகிவிட்டார். பாறையில் ஓர் உளிகூடப் படாமல் பட்டா மட்டும் கைமாறிவிட்டது.

சோழநாட்டிலும் இதுவே நடந்தது. இரணியனைக் கிழித்த பிறகும் நரசிம்மரின் சினம் அடங்காததால், சிங்க உடலும் பறவைச் சிறகும் கொண்ட சரபமாக வந்து சிவன் அடக்கினார் என்பது சைவக் கதை. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபேசருக்குத் தனிச் சன்னிதியே இருக்கிறது. வைணவர் சும்மா இருக்கவில்லை. நரசிம்மர் இரட்டைத் தலைக் கண்டபேருண்டப் பறவையாகிச் சரபத்தை வென்றார் என்று பதில் கதை சொன்னார்கள். கிரிஃபினுக்கு மிக நெருங்கிய நம் விலங்கு சரபம்தான். இந்த உருவில் அது பிறந்ததே சைவ, வைணவ வழக்கின் நடுவில். இன்று சரபேசரிடம் அச்சம் தீர வேண்டி நிற்பவரின் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பக்தி வழக்கைத் தாண்டி எங்கோ போய்விட்டது. ஆனால் கதை எதற்காகப் பிறந்தது என்பதை மறைக்க முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தோற்றக் கதை இல்லாமல் ஒரு மக்கள் கூட்டம் வாழ முடியுமா? 'நாம் யார்' என்பதற்கு விடை 'எங்கிருந்து வந்தோம்' என்பதில்தானே இருக்கிறது? இலங்கையின் மகாவம்சத்தைப் பாருங்கள். வங்க இளவரசிக்கும் சிங்கத்துக்கும் பிறந்தவன் சிங்கபாகு. தந்தையான சிங்கத்தைக் கொன்றவனும் அவனே. அவன் மகன் விஜயன் இலங்கையில் இறங்கி இயக்கி குவேனியோடு வாழ்ந்து, பிறகு அவளைத் தள்ளிவிட்டு, நம் மதுரையிலிருந்து பாண்டியன் மகளை மணமகளாக வரவழைத்தான். அவளோடு பதினெட்டுத் தொழிற்குலங்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்கள் போனதாக அந்நூல் சொல்கிறது. கதையாகப் படித்தால் இது கலப்பின் கதை: விலங்கு, வங்கம், இயக்கர், மதுரை எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் சிங்கம் என்ற ஒரு முடிச்சை மட்டும் பிடித்து ரத்த வழியாக வாசித்தபோது, மதுரையிலிருந்து போன அந்த ஆயிரம் குடும்பங்கள் கதையிலிருந்து காணாமல் போயின. 'சிங்களம்' என்ற பெயர் முதலில் ஆளும் மரபைக் குறித்துப் பின்னரே மக்கள் முழுவதையும் குறித்ததாக வரலாற்றாசிரியர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979-இல் வாதிட்டார். அது சரியென்றால், மக்கள் சிங்கத்திலிருந்து வரவில்லை. சிங்கம்தான் மெல்ல மெல்ல மக்கள் மேல் வந்து ஏறியது.

'நாம் யார்' என்பதற்கு வேறு வகையிலும் விடை சொல்லலாம். அதை மதுரையே செய்கிறது. மீனாட்சியாகிய தடாதகையும் இயல்பான பிறப்பு உடையவள் இல்லை. வேள்வித் தீயில் மூன்று முலையோடு எழுந்தவள். பாண்டிய அரசர்கள் அவள் வழியில் வந்ததாகப் புராணம் சொல்கிறது. பாண்டியர் போய்விட்டார்கள், ஊர் அவளை விடவில்லை. சித்திரைத் திருக்கல்யாணம் முடிந்ததும் பெண்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். மக்கள் மொய் வைக்கிறார்கள். கல்யாண விருந்து சாப்பிடுகிறார்கள். மொய் வைப்பவர் வம்சாவளி காட்ட வேண்டியதில்லை. வந்தால் போதும், உறவு. தெலுங்கு பேசிய நாயக்கர்கள் அவள் செங்கோலை வாங்கி ஆண்டதும் இந்த வழியில்தான். பிறப்பால் வரும் பந்தத்தைவிட ஆண்டுதோறும் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும் பந்தம் எளியது என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் ஒவ்வொரு ஆண்டும் விட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது. அதனாலேயே அதற்கு அக்கறை தேவைப்படுகிறது.

யாளி வெறும் அலங்காரம், அதில் சமயப் பொருள் தேடுவது மிகை என்று சொல்பவர் உண்டு. அலங்காரத்துக்கு மட்டும் என்றால் இடம் மாறியிருக்கும். சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ, அதிட்டானத்திலும் கூரை விளிம்பிலும் யாளி வரி ஓடுகிறது. மண்டபத்தில் நம் தலைக்கு மேலே நிற்கிறது. எந்தப் பக்தரும் அதைக் கடக்காமல் கருவறைக்குப் போவதில்லை. வழக்கு நடத்திய இரு சமயங்களும் ஒரே காவலை வைத்துக்கொண்டன. சரபத்தை அப்படி ஒரு பெருமாள் கோயில் வைத்துக்கொள்ளுமா?

எதிர்ப்புறத்திலிருந்து வரும் வாதம் இன்னும் பரவலானது: யாளி உண்மையில் வாழ்ந்து அழிந்த விலங்கு, நம் முன்னோர் அதைப் பார்த்தே செதுக்கினார்கள் என்பது. துதிக்கையும் சிங்க உடலும் சேர்ந்த எலும்பு ஒன்றும் கிடைத்ததில்லை. எலும்புக்கு அப்பால் எனக்குக் கவலை தருவது அந்த ஆசை. யாளிக்கு மண்ணில் ஒரு பிறப்புச் சான்று வாங்கிவிட்டால் அது 'நம்' விலங்கு, 'நம்' தொன்மை என்று பட்டா எழுதிவிடலாம். யானைமலைக்குச் செய்ததை, இந்த முறை அறிவியலின் பெயரில், அதற்கும் செய்யப் பார்க்கிறோம்.

சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். விரலை விட்டுச் சுழற்றலாம். வெளியே எடுக்க முடியாது. வெளியிலிருந்து வைத்ததும் இல்லை. பற்களுக்கு இடையே உளியை நுழைத்து அதே கல்லிலேயே சிற்பி அதைப் பிரித்திருக்கிறார். அங்கே நிற்கும் குழந்தைகள் கையை விட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, இது எப்படி உள்ளே போனது என்று கேட்கிறார்கள். யாளியின் அப்பா யார் என்று கேட்பதில்லை.