அறிந்தவன் கடன்

"வானத்திலே எங்கோ இரண்டு விண்மீன்கள் மோதுவதை முன்கூட்டி அறிந்து என்ன பயன், ஐயா? தடுக்கவா முடியும்?"

பெரியதாழையில் என் வகுப்பிலே கேட்டான், கடலோடி வீட்டுப் பிள்ளை ஒருவன். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரிய கேள்வி!

தடுக்க முடியாது, உண்மை. 2017 ஆகஸ்ட் 17 அன்று கருவிகள் உணர்ந்த மோதல், நடந்து முடிந்து 13 கோடி ஆண்டுகள் ஆகிவிட்ட ஒன்று! கதிரவனைவிடச் சற்றே கனத்தவை, ஆயினும் ஒரு நகரத்தின் அளவே கொண்டவை—அத்தகைய நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கின. நெருங்க நெருங்கச் சுழற்சி விரைந்தது. ஈர்ப்பு அலையின் அதிர்வும் ஏறிற்று. ஏறத்தாழ 100 விநாடிகள் அந்த ஓசை—ஓசை என்பது உவமைதான்—லைகோ கருவிகளில் பதிந்தது. மோதலுக்குப்பின் 1.7 விநாடியில் காமாக்கதிர் வந்தது.

தொலைநோக்கிகள் அதன் ஒளியைக் கண்டதோ 11 மணி நேரம் கழித்து! லூசியானாக் கருவியில் அதே வேளையில் இரைச்சலொன்று குறுக்கிட, அதைக் களைந்து, வானில் இடங்குறிக்கவே மணிக்கணக்காயிற்று. தங்கம் பிறக்கும் உலைக்களத்தின் முதற்காட்சி தவறிப்போயிற்று. எனவேதான், அலை தொடங்கும்போதே இனங்கண்டு, மோதலுக்குச் சில விநாடி முன்னரே வானியலாரை விழிப்பிக்க அறிஞர்கள் முனைகின்றனர். மராட்டிய மாநிலத்து ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ–இந்தியாவும் இடங்குறிப்பதற்குத் துணைநிற்கும்.

அதே 2017. நவம்பர் 30. ஒக்கிப் புயல்! முன்னரே ஆழ்கடல் சென்றுவிட்ட குமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. விதி என்றனர் சிலர். விதியா? கரையிலே செய்தி இருந்தது. கடலுக்குச் செல்ல அதற்கு வழி இல்லை. வழியின்மைக்கு விதியென்று பெயர் சூட்டுவது எவ்வளவு வசதி!

"வானை விடு, கடலைப் பார்" என்று நான் சொல்லமாட்டேன். அணுவின் கருவினும் நுண்ணிய அசைவை அளந்தறிந்த மனித இனம், படகொன்றுக்குச் செய்தி சொல்ல இயலவில்லை என்று எந்த வாயால் கூறும்? அங்கே தாமதத்தால் இழந்தது ஒரு காட்சி. இங்கே இழந்தது உயிர்கள். தடுக்கவியலாததை அறிவது அறிவுப்பசி, அதிலே குற்றமில்லை. தப்பிக்க வழியுள்ளதை அறிந்தபின், உரியவன் செவிக்கு அது சேரும்வரை அறிந்தவன் கடனாளியே.

ஒக்கிக்குப் பின்னர், செயற்கைக்கோள் வழியே நடுக்கடலில் எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்தன என்றேன்.

"எங்கள் வள்ளத்தில் இல்லையே, ஐயா?" என்றான் அவன்.

அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினோம்.