கைநாட்டா? கருத்தா?

"கற்றவர் கூடி முடிவு செய்ய வேண்டிய இடத்திலே கல்லாதவருக்கு என்ன வேலை?"

பள்ளி மேலாண்மைக் குழு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர் அறையிலே கேட்கும் குரல் இது. கேட்பவர் கொடியவர் அல்லர். படித்தவர், பண்பாளர், நம்மில் ஒருவர். ஆகவேதான் இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

இக்குரல் நாட்டுக்குப் புதிதா? 1920இல் நடந்த சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலிலே, சொத்தும் வரியும் உடைய ஆடவருக்கே வாக்குரிமை இருந்தது. கூலிக்கு உழுதவனுக்கு இல்லை. நாற்று நட்டவளுக்கு இல்லை. 1952 பொதுத்தேர்தலிலே, கையெழுத்துப் போடத் தெரியாதவரும் வாக்களித்தனர். நாடு கவிழ்ந்துவிட்டதா? இல்லை! கேட்பாரற்றுக் கிடந்தவரைத் தேடி, ஆள வந்தோர் படியேறினர்.

மற்றொன்றையும் நினைவுகொள்வோம். 1953இல் இராசாசி அரசு, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய பொழுதிலே பிள்ளை தந்தையின் தொழிலைப் பழகட்டும் என்றது. திட்டம் தீட்டியவர் படிப்பிலே குறைந்தவரா? மூதறிஞர் எனப் போற்றப்பட்டவர்! ஆனால், துணி வெளுப்பவரிடம், செருப்புத் தைப்பவரிடம், "உன் மகன் என்னவாக வேண்டும்?" என்று கேட்டனரா? கேட்கவில்லை. 'குலக்கல்வி' என்று சுட்டி இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சியிலே திட்டம் கைவிடப்பட்டது. வகுத்தவரிடம் புலமை இருந்தது. வாழ வேண்டியவரின் குரல் இல்லை.

முடிவெடுக்கும் உரிமை புலமையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. விளைவைச் சுமப்பதிலிருந்தும் பிறக்கிறது. கணக்கை எப்படிக் கற்பிப்பது என்பது ஆசிரியர் அறிந்தது. கழிப்பறை பூட்டிக் கிடப்பதால் மகள் பகலெல்லாம் தண்ணீர் அருந்துவதில்லை என்பது தாய் அறிந்தது. இரண்டும் அறிவே! ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது.

இதனைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழுவிலே முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய இடம் வேண்டும் என்கிறது. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் பணம் செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் குழுவின் பணிகள்.

ஏட்டிலே உரிமை, நாட்டிலே? வேலை நாளிலே, நண்பகலிலே கூட்டம் வைக்கிறோம். கூலியை இழந்து யார் வருவார்? வராதவர் வீட்டுக்குப் பதிவேட்டை அனுப்புகிறோம். "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா!" என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தாய் கேட்பதில்லை, நாம் சொல்வதுமில்லை. கைநாட்டை ஒழித்தோம் என்று பெருமை பேசும் நாமே, கையெழுத்தையும் கைநாட்டாக்கிவிட்டோம்! வெட்கம் நம்முடையது.

"பெற்றோர் பேசினால் சாதி பேசாதா?" என்று கேட்கலாம். பேசும். 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலே, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துப் பெற்றோர் தடுத்தனர். அதிகாரிகளும் அவரை இடம் மாற்றினர். எதிர்ப்பு எழுந்த பின்னரே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அன்று கேட்டதும் பெற்றோர் குரல்தானே? அதற்குத் தலைவணங்குவதா?

ஒருபோதும் கூடாது! எந்தப் பொழுதிலே கூடுவது, எந்தச் சுவரை எழுப்புவது, எந்தச் செலவு முதலில் — இவை வாக்குக்கு உரியவை. மனிதன் மனிதனுக்குச் சமமா என்பது வாக்குக்கு உரியதன்று. அந்த எல்லைக்கோட்டைக் காக்கவே, ஒடுக்கப்பட்டவரின் தாயும் தந்தையும் அக்குழுவிலே அமர வேண்டும். அமர்ந்தால் போதாது, பேச வேண்டும். பெரும்பான்மையின் பிழைக்கு மருந்து, எல்லாருடைய வாயையும் பூட்டுவதன்று; பூட்டிய வாயைத் திறப்பது.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். மாலையிலே கூட்டச் சொல்லுங்கள். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்வரிசையிலே முந்தானையைப் பற்றியபடி நிற்கும் தாயிடம், "அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

அவர் வாய் திறக்கும் வரை காத்திருப்பதே ஆசிரியர்களாகிய நமக்கு முதற் பாடம்.