பீப்பாயில் ஆறாதது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வார்பி மலைத்தொடரின் அடிவாரத்தில் கிளென்ரோவன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள செம்மண்ணில் பெய்லி குடும்பம் 1870இல் திராட்சை பயிரிட்டது. பக்கத்து மிலாவாவில் பிரவுன் குடும்பம் 1889இல் தொழிலைத் தொடங்கியது. வடக்கே ரூதர்கிளென் பகுதியில் ஆல் செயின்ட்ஸ் ஒயின் ஆலை 1864ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இந்தப் பழைய ஆலைகளைத் தேடி வருகிறவர்கள் கொள்ளைக்காரர் நெட் கெல்லியின் நாட்டுக்குள்ளும் வந்துவிடுகிறார்கள். ஏர்க்கலப்பைத் தகடுகளை அடித்துச் செய்த, ஏறக்குறைய 44 கிலோ எடையுள்ள கவசத்தோடு கெல்லி போலீசை எதிர்த்து நின்று, 1880 ஜூன் 28 அன்று பிடிபட்ட ஊர் கிளென்ரோவன். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று, இருபத்தைந்து வயதில், அவர் மெல்பேர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இன்று அந்தக் கவசக்காரரின் பெரிய சிலை ஊர் நடுவே நிற்கிறது. காலம் கடந்தால் பாவமும் கரைந்துவிடுமா என்ற பழைய கேள்வியை இங்கே கேட்காமல் இருக்க முடியவில்லை.

கரைந்துவிடும் என்று எண்ணத் தூண்டுவது இந்த மண்ணின் ஒயின்தான். இந்தப் பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்தது மஸ்கட். பழத்தைக் கொடியிலேயே சுருங்க விடுகிறார்கள். பறித்து நசுக்கிய சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்துப் புளிப்பதை நிறுத்திவிடுவதால், பழத்தின் சர்க்கரை அப்படியே தங்குகிறது. பிறகு தகரக் கூரையின் வெக்கையில், பழைய மரப்பீப்பாய்களில், ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. மரத்தின் வழியே நீர் மெல்ல ஆவியாக ஆக, மிஞ்சியது கறுத்து, தடித்து, இனிப்பு ஏறி, ஏறத்தாழ வெல்லப்பாகின் நிறத்துக்கு வருகிறது. ‘ரேர்’ என்ற உச்சத் தரத்துக்கு உரியதில் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஒயின் கலந்திருக்கும். கடுமையானதைக் காலம் கனிய வைக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா? கெல்லியின் கதையும் இப்படித்தான் கனிந்துவிட்டது என்று நினைப்பது எளிது. ஆனால் பீப்பாய்க்குள் இருக்கும் பொருளே மாறுகிறது. நடந்துமுடிந்த செயல் மாறுவதில்லை. மாறுவது கேட்பவர்கள். வலித்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள், அவ்வளவுதான்.

1878 அக்டோபர் 26 அன்று ஸ்டிரிங்கிபார்க் ஓடைக்கரையில் நடந்ததைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கெல்லி கும்பலைத் தேடி வந்த போலீஸ்காரர்கள் நால்வர். லோனிகன், ஸ்கேன்லன் என்ற இரு கான்ஸ்டபிள்களும் சார்ஜென்ட் கென்னடியும் கொல்லப்பட்டார்கள். மெக்கின்டயர் என்பவர் மட்டும் தப்பினார். காயம்பட்டுக் கிடந்த கென்னடியைக் கெல்லி மிக அருகிலிருந்து சுட்டார். அவர் துடிப்பதை முடித்துவைக்கவே சுட்டதாகப் பின்னர் சொன்னார். உடலை ஒரு மேலங்கியால் மூடினார். கென்னடியின் கடிகாரம் கெல்லியிடம் போயிற்று. போர்த்திவிட்டதும் எடுத்துக்கொண்டதும் ஒரே கை. அந்தக் கையை வீரன் என்ற சொல்லாலும் விளக்க முடியாது, அரக்கன் என்ற சொல்லாலும் விளக்க முடியாது.

மன்னிப்பைக் காலம் தரமுடியாது, பாதிக்கப்பட்டவர்தான் தரமுடியும் என்பது என் வாதம். இதை யூத மரபு கறாராகச் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில், ஒருவருக்குத் தீங்கு செய்தவர் மன்னிப்புக் கேட்குமுன் அவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆராய்கிறார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், இன்னாருக்கு இன்ன தவறு செய்தேன் என்று அவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறார். நாள் போகட்டும், தானாகச் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. சட்டத்துக்கும் இது தெரியும். பணக்கடனுக்குக் காலவரம்பு உண்டு. ஆங்கிலச் சட்ட மரபில் கொலை வழக்குக்குக் கிடையாது. கத்தோலிக்கரான கெல்லி கடவுளிடம் மன்னிப்புப் பெற்றிருக்கலாம், அது அவருக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ளது. கென்னடியின் மனைவி சார்பிலும் பிள்ளைகள் சார்பிலும் மன்னிக்க, ஒயின் கோப்பையோடு நிற்கும் நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கெல்லி குற்றவாளி மட்டும்தானா, அநீதிக்கு ஆளானவர் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதை லேசாகத் தள்ளக்கூடாது. பன்றி திருடியதற்காக அயர்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டவரின் மகன் அவர். நல்ல நிலமெல்லாம் பெரும் பண்ணைக்காரர்கள் கையில் இருந்த ஊரில், சிறு குடியானவர் குடும்பங்கள் போலீசின் கெடுபிடியில் வாழ்ந்தன. கெல்லியின் தாய் எல்லனுக்கு நீதிபதி ரெட்மண்ட் பேரி மூன்றாண்டு சிறை விதித்தார். 1881இல் அரசு அமைத்த விசாரணைக் குழுவே காவல்துறையின் போக்கைக் கண்டித்தது. கும்பல் ஜெரில்டெரியில் வங்கியைக் கொள்ளையடித்தபோது அடமானப் பத்திரங்களையும் எரித்தது. இத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை கெல்லிக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கைத்தான் மாற்றுகின்றன. கென்னடி வீட்டின் கணக்கு அப்படியே இருக்கிறது. அதேபோல, கடைசி மோதலின்போது கிளென்ரோவன் விடுதியில் கும்பலிடம் பிணையாக இருந்து போலீஸ் குண்டுக்குப் பலியான மார்ட்டின் செர்ரியின் கணக்கையும், பதின்மூன்று வயது ஜாக் ஜோன்ஸின் கணக்கையும் அரசின் வெற்றி தீர்த்துவிடாது. புகழ்க்கதை இரு பக்கத்துக் குற்றத்தையும் சேர்த்தே மறைக்கிறது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி, எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு எந்த ஊர்தான் வாழமுடியும் என்பது இன்னொரு மறுப்பு. இதுவும் வலுவானது. பெய்லி குடும்பம் கொடி நட்ட நிலமே அதற்கு முன் பூர்வகுடி மக்களின் நிலம். கெல்லியைத் தேடக் குவீன்ஸ்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட பூர்வகுடித் தடம்பார்ப்பவர்களுக்கு, 8,000 பவுண்டு பரிசில் ஆளுக்கு 50 பவுண்டு என்று ஒதுக்கியும் அது அவர்கள் கைக்குப் போகவில்லை. இதையெல்லாம் நினைத்தால் எந்தக் கோப்பையையும் தொடமுடியாது என்பார்கள். நான் தொடவேண்டாம் என்று சொல்லவில்லை. கொடி வளர்த்தவர்களின் உழைப்பு உண்மையானது, மஸ்கட்டின் இனிப்பு யாரையும் ஏமாற்றவில்லை. மறப்பதற்கும் மன்னிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்றுதான் சொல்கிறேன். மறந்துவிட்டு அதையே மன்னிப்பு என்று அழைக்கும்போது, இறந்தவருக்கு மட்டுமே உரிய ஒன்றை நாம் எடுத்துக்கொள்கிறோம். நினைவு வாழ்க்கையை நிறுத்திவிடாது. கெல்லியின் எலும்புகள் 2011இல் அடையாளம் காணப்பட்டு, 2013இல் கிரேட்டாவில், தாயார் உறங்கும் இடுகாட்டில், கல்வெட்டு எதுவும் இல்லாமல் புதைக்கப்பட்டன. அவருடைய குடும்பம் அவரை மறக்கவுமில்லை, அவர் குழிமேல் புகழை எழுதவுமில்லை.

மைமோனிடிஸ் சொன்ன பத்துப் பேரைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. எந்த ஒயின் ஆலையின் சுவை மேடையிலும் ஒரு சனிக்கிழமை அத்தனை பேர் நிற்பார்கள். தெற்கே மேன்ஸ்ஃபீல்டில், கொல்லப்பட்ட மூன்று போலீஸ்காரர்களுக்கு 1880இல் எழுப்பிய நினைவுத்தூண் ஊரின் நடுச்சந்தியில் நிற்கிறது. கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் என்று பெயர்கள் அதில் இருக்கின்றன. மலைக்குப் பனி பார்க்கப் போகும் கார்கள் அதைச் சுற்றித்தான் திரும்பிப் போகின்றன.