சத்திரமும் வீடும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்கும். சீசனுக்கு வந்து அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். சத்திரங்களிலும் விடுதிகளிலும் சாரம் கட்டி, பழைய மழையில் பாசி பிடித்த சுவர்களைச் சுரண்டி, வெள்ளையடிப்பார்கள். ஊர் முழுவதும் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும்.

2025-ஆம் வருஷம் மே மாதத்தில், அப்படி வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சத்திரத்துக் காரியஸ்தர் எனக்கு நெடுநாளைய சிநேகிதர். அன்றைய பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தொடையைத் தட்டினார்.

"கேட்டீரா வே! உலகத்து அகதியெல்லாம் வந்து தங்க இந்தியா ஒண்ணும் தர்மசத்திரம் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டுல சொல்லிட்டாங்க. சரியான பேச்சு!"

அவர் அதைச் சொன்ன இடம் ஒரு தர்மசத்திரம் என்பதும், சாரத்தின் மேல் நின்று அதற்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த மனிதர் ஓர் அகதி என்பதும் அவருக்கு அப்போது நினைவில் இல்லை. எனக்கு இருந்தது. தலை தூக்கிப் பார்த்தேன். மேலே தூரிகை ஒரு கணம் நின்றது. பிறகு, முன்போலவே மேலும் கீழும் போகத் தொடங்கியது.

வழக்கைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அது, தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஓர் இலங்கைத் தமிழர், தண்டனைக் காலம் முடிந்தபின் தம்மை இலங்கைக்கு அனுப்பக்கூடாது என்று கேட்ட வழக்கு. சாரத்தின் மேல் நின்றவர் ஒரு குற்றமும் செய்தவரல்ல. ஆனால் பெரிய இடத்தில் பிறக்கும் ஒரு சொல், யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவரோடு நிற்பதில்லை. திண்ணை திண்ணையாக நடந்து வந்துவிடுகிறது.

அவரை எனக்கு முன்பே தெரியும். தென்காசியில் என் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர். முகாம்களில் இருக்கும் ஆண்களில் பலருக்கு இதுதான் தொழில். கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒருவரின் பேரர் அவர். 1977 கலவரத்தில் குடும்பம் மலைநாட்டை விட்டு ஓடி வவுனியாவில் ஒண்டியது. 1990-ல், பத்து வயசுப் பையனாக, வள்ளத்தில் ராமேசுவரத்துக்கு வந்து இறங்கினார். அன்றிலிருந்து முகாம். கல்யாணம் முகாமில், பிள்ளைகள் பிறந்தது முகாமில். 'செக்கிங்' நாளில் எங்கே வேலை இருந்தாலும் போட்டுவிட்டு முகாமுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

மத்தியானம் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். பத்திரிகைச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறொன்று கேட்டார்.

"ஐயா, உங்கட அம்மாவின்ர ஊரும் எங்கட தாத்தாவின்ர ஊரும் ஒண்டுதானே? அங்க பழைய ஆக்கள் ஆராவது தாத்தாவின்ர பெயரைச் சொன்னால், வக்கீல் எழுதித் தருவாராம். மகளின்ர காரியம். ஒருக்கால் என்னோட வந்து, தெரியும் எண்டு ஒரு கையெழுத்துப் போடுவியளோ?"

மகள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அரசாங்க வேலைக்கு எழுத முடியாது, பாஸ்போர்ட் கிடையாது, ஓட்டு கிடையாது.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கையெழுத்து என்றதும் என் மனம் பின்வாங்கியது. நாளைக்குப் போலீஸ் விசாரணை என்று யாராவது வாசலில் வந்து நின்றால்? நமக்கேன் இந்த வம்பு? வாய் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டியது.

அவர் வாங்கவில்லை. கோபமும் படவில்லை.

"காசு நான் உழைச்சுக்கொள்ளுவன், ஐயா. கூட வாற ஆளைத்தான் உழைக்க ஏலாது" என்றார். மறுபடியும் சாரத்தில் ஏறிவிட்டார்.

அந்த வார்த்தை பல மாதம் என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் அது கதையாகிவிடும்; நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் விழித்திருந்த நேரத்தில் அது கூடவே இருந்தது. நான் கொடுக்க வந்தது தர்மம். அவர் கேட்டது தர்மம் அல்ல. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

விருந்தோம்பலைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் ராஜாஜியும் கல்கியும் உண்டு களித்த கதையை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் விருந்து என்பது புறப்படும் நாளையும் உள்ளடக்கிய ஏற்பாடு. விருந்தாளிக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது. அதனால்தான் உபசாரம் இரு பக்கத்துக்கும் இனிக்கிறது. சத்திரத்துக் கணக்கும் அதுதான்: இரண்டு நாள், மூன்று நாள், அப்புறம் அறையைக் காலி செய்ய வேண்டும். முப்பத்தைந்து வருஷம் ஒருவர் சத்திரத்தில் இருந்தால் அவரை விருந்தாளி என்பதா? அந்தச் சத்திரத்திலேயே பிறந்த குழந்தையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

நான் சட்டம் படித்தவனல்ல. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன். ஆகையால் தென்காசிக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு நண்பரிடம் போனேன். அவர் முதலில் எனக்கு இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினார்: 'நபர்', 'குடிமகன்'. பேச்சுரிமையும் தொழில் உரிமையும் தரும் 19-ஆவது பிரிவு குடிமகனைப் பற்றிப் பேசுகிறது. சட்டத்தின் முன் சமம் என்னும் 14-ஆவது பிரிவும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவும் 'நபர்' என்றே சொல்கின்றன. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளின் வழக்கில், 1996-ல், சுப்ரீம் கோர்ட்டே அந்தப் பாதுகாப்பை அவர்களுக்கு அளித்தது. இலவசச் சட்ட உதவி தரும் 1987-ஆம் வருஷத்துச் சட்டமும் 'நபர்' என்கிறது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானக் கணக்குக்கூடக் கேட்பதில்லை.

"ஆக, முகாமில் இருக்கிற பெண் சட்ட உதவி கேட்கலாமா?" என்றேன்.

"கேட்கலாம். ஆனா கேட்கலாம்னு அவகிட்டப் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேணுமில்லையா?" என்றார்.

மற்றதையும் அவரே விளக்கினார். 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே நம் சட்டத்தின் கண்ணில் இவர்கள் அந்நியர்கள். விசா இல்லாமல் வந்ததால், சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள். பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறியவன் விசாவுக்கு எந்த வரிசையில் நிற்பான் என்று 2003-ஆம் வருஷத்துத் திருத்தம் கேட்கவில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வாசலைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 'உன்னைத் தண்டிக்க மாட்டேன்' என்பது ஒன்று. 'நீ நம்மவன்' என்பது வேறு.

இதில் என்னை மிகவும் உறுத்திய சங்கதி இன்னொன்று உண்டு. செங்கோட்டையில் ரயில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை தாண்டினால் புனலூர். 1948-ல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாக்கினார்கள். அப்படி இந்தியப் பங்கில் வந்தவர்களுக்காகவே, 1976-ல், மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து புனலூரில் ஒரு ரப்பர்த் தோட்டக் கம்பெனி தொடங்கின. வந்தவர்களுக்கு வேலை, குடியிருப்பு, குடியுரிமை எல்லாம் கிடைத்தன.

ஒரு தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கப்பலில் காகிதத்தோடு வந்தான். அவன் பேரன் இந்தியப் பிரஜை. மற்றவன் வவுனியாவுக்குப் போய்ப் பிறகு வள்ளத்தில் காகிதமில்லாமல் வந்தான். அவன் பேரன் மலைக்கு இந்தப் பக்கம் அந்நியன். அதே ரத்தம், அதே பாஷை, அதே குலசாமி. நடுவில் இருப்பது மலையல்ல, ஒரு காகிதம்.

இதைத்தான் ஒரு நீதிபதியும் பார்த்தார். 2019 ஜூன் மாதம், மதுரை ஐகோர்ட் கிளையில், தோட்டத் தமிழர் வழியில் வந்த 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2022-ல் வேறொரு வழக்கு: மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது பழைய சட்டம். அவர் அதற்கு முன்பே பிறந்திருந்தார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். சட்டம் அவர் பிறந்த நாளிலிருந்தே அவர் பக்கம் இருந்திருக்கிறது. கைபிடித்துக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கைபிடித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1984-லேயே வழக்கறிஞர் சந்திரஹாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கி, அகதிகளையே தொண்டர்களாகப் பழக்கினார். முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று முதலிய காகிதங்கள் வாங்கிக் கொடுப்பதும் அவர்கள் வேலை. தமிழக அரசும் 2021-ல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்ட முடிவெடுத்தது. சுவர் எழும்பினால் போதாது. வீட்டுக்காரன் என்று சொல்லவும் யாராவது வேண்டும்.

காரியஸ்தர் விடவில்லை. "வாசலைத் திறந்துவிட்டா உலகமே உள்ள வந்திராதா வே?" என்றார். அவர் பயம் பொய்யான பயமல்ல. வாசலில் யாரை விடுவது என்று கேட்க ஒரு தேசத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அது வாசலில் கேட்க வேண்டிய கேள்வி. 1983 முதல் 2012 வரை மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். இன்னும் இருப்பவர்கள் வாசலில் நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளோ எந்த வாசல் வழியாகவும் வந்தவர்களல்ல. இந்தியா தர்மசத்திரம் அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எந்த மனிதனையும் ஆயுள் முழுவதும் சத்திரத்தில் வைத்திருக்கக் கூடாது. அதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

தர்மத்தில் கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. நியாயம் கேட்கப் போகும்போது இருவரும் கோர்ட்டு வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தப் பெஞ்சுக்குத்தான் நான் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துத் தப்பப் பார்த்தேன்.

ஐப்பசியில் அவரைக் கூட்டிக்கொண்டு அம்மாவின் ஊருக்குப் போனேன். என் தாய்வழிப் பாட்டி முறையாகும் ஒரு கிழவி, கண் தெரியாதவள், அவருடைய தாத்தாவின் பெயரைக் கேட்டதும், "கண்டிக்குப் போன பய இல்லா? வாய்க்காங்கரை வீடு" என்றாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் தென்காசியில் வக்கீல் எழுதிய வாக்குமூலத்தில் கிழவி கைநாட்டு வைத்தாள். கீழே நான் கையெழுத்திட்டேன். அது எந்த ஆபீஸில் எத்தனை நாள் கிடக்குமோ, பலிக்குமோ பலிக்காதோ, சொல்வதற்கில்லை. வெளியே வந்தால் எதிரே காசிவிசுவநாதர் கோபுரம். மதுரையை இழந்து தெற்கே வந்த பாண்டிய வம்சத்தில் ஒருவன், ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னே கட்டிய கோயில். ஊரை இழந்தவர்கள் வந்து அமைத்த ஊர்தான் எங்கள் ஊர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"மகளுக்கு என்ன சொல்லப் போகிறீர்?" என்று கேட்டேன்.

"கடுதாசி கிடைக்குமோ தெரியாது, வாய்க்காலங்கரையில ஒரு வீடு இருந்தது எண்டு சொல்லுவன், ஐயா" என்றார்.

அன்று செக்கிங் நாள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று வேகமாக நடந்தார்.