ஒட்டி வரும் உயிர்

நாய் ஏன் நம்மை ஒட்டியே படுக்குது? “சோறு போடுற கைக்குத்தான் அந்தப் பாசம்” என்பார் என் தாத்தா. பொறியியல் படிக்கிற நான் காரணம் தேடினேன்.

பிறந்த குட்டிகள் தாயை ஒட்டிக் கிடந்துதான் உடல் சூட்டைக் காத்துக்கொள்கின்றன. வளர்ந்த பிறகும் நெருக்கம்தான் அவற்றுக்கு நிம்மதி. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவருக்குமே ஆக்ஸிடோசின் கூடுவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். தாயையும் சேயையும் பிணைக்கும் அதே ஹார்மோன்.

அப்போ இது வெறும் ரசாயனமா? அம்மாவின் பாசத்திலும் அந்த ரசாயனம் இருக்கு. அதைப் பொய்னு யாராவது சொல்வோமா?

தூங்கும்போது எந்த உயிருக்கும் காவல் குறைவு. அந்த நேரத்தில் நம் காலடியைத் தேடி வருதுன்னா, அது நம்மை நம்புது. மகாபாரதத்தில், கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போக தருமர் மறுத்தார். நம்பி வந்ததைக் கைவிடுவது அவருக்குப் பாவம்.

நாய் ஏன் ஒட்டுது என்பதற்கு அறிவியல் பதில் சொல்லும். வீடு மாறும்போது, அதற்கு வயதாகும்போது, நாம் அதை வைத்துக்கொள்வோமா என்பதற்கு நாம்தான் பதில் சொல்லணும். குட்டி வாங்க ஆசைப்படும் நண்பர்களே, முதலில் அந்தப் பதிலைத் தயார் செய்யுங்கள்.