நன்றிக்கடன் யாருக்கு?

லிந்துலைப் பகுதித் தோட்டமொன்றில், லயத்து அறை ஒன்றின் சுவரிலே மூன்று படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கக் கண்டோம். ஒன்று முருகன் படம். ஒன்று அவ்வீட்டுப் பெரியவர் காலமாவதற்கு முன் எடுத்த படம். மூன்றாவது சௌமியமூர்த்தி தொண்டமானின் படம். மூன்றுக்கும் ஒரே விளக்குத்தான். 2024 நவம்பர்ப் பொதுத்தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, அந்தப் படங்களின் கீழே நடந்த ஒரு வாக்குவாதமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

"அவரு இல்லாட்டி நமக்கு ஏது ஓட்டு? அவரு வீட்டுப் புள்ளைக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?" என்றார், நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி.

"அவரு செஞ்சத நான் இல்லேன்னு சொல்லல, அம்மாயி. அதுக்கு நாம இன்னும் எத்தன தலமொறைக்குக் கடன் கட்டணும்?" என்றாள், ஆசிரியப் பயிற்சி பெறும் பேத்தி.

"நன்றி கெட்டுப் பேசாதடி!"

அந்தச் சொல்லோடு வாதம் முடிந்துவிட்டது. பேத்தியிடம் நியாயம் இல்லாமல் அன்று. நம் பண்பாட்டிலே அச்சொல்லுக்கு மறுமொழி இல்லை என்பதனாலேயே அவள் வாயடைத்துப் போனாள். மறைந்த தலைவர் ஒருவருக்கு மக்கள் பட்ட நன்றிக்கடன் எத்தகையது? அதை வாங்க உரியவர் யார்? எந்த நாணயத்தில் அதைச் செலுத்துவது? இக்கேள்விகளை அவளுக்காகவேனும் நாம் எழுப்பியாக வேண்டும்.

முதலில் மூதாட்டியின் பக்கத்து நியாயத்தை முழுமையாகக் கேட்போம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். மறு ஆண்டே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 முதல் 1977 வரை, கால் நூற்றாண்டுக் காலம், தோட்ட மக்கள் தம் வாக்கினால் தமக்கென ஒரு பிரதிநிதியை அனுப்ப இயலவில்லை. 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினராகவே சபைக்குள் சென்றார். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 மனிதர்களைக் கணக்குப் புத்தகத்துத் தொகையைப்போலப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ள. தம்மைக் கேட்காமலே தம் வாழ்வு பங்கிடப்படுவதை அம்மக்கள் பார்த்து நின்றனர்.

அந்த இருண்ட காலத்தில் அவர்களிடையே நிலைத்து நின்ற ஸ்தாபனங்களுள் பெரியது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் தெரிவானார், 1978இல் அமைச்சரானார். 1986 தைமாதத்துப் பிரார்த்தனைப் போராட்டத்தின் பின் நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறிற்று. 1988இல் இன்னொரு சட்டம் தொடர்ந்தது. இவற்றை அனுபவித்த தலைமுறை அந்தப் பெயரைக் கையெடுத்துக் கும்பிடுவதில் என்ன வியப்பு?

நம்மைப் போன்ற இடதுசாரிகள் இதை அறியாமை என்றும், வீரவணக்கம் என்றும் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளுமுன் நமது கணக்கையும் பார்க்க வேண்டும். 1948இல் அந்தக் கொடிய சட்டத்தை எதிர்த்து இடதுசாரிகள் உரத்துக் குரல் கொடுத்தனர். அது நமக்குப் பெருமை. ஆனால் 1964 அக்டோபரில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது, லங்கா சமசமாஜக் கட்சி அதே அரசாங்கத்தின் அமைச்சரவையிலே வீற்றிருந்தது. கைவிடப்பட்டவர்கள், கைவிடாத ஒருவரைப் பற்றிக்கொண்டதை அறியாமை என்பது நமக்கு அழகன்று.

தலைவர் மறைந்தபின் பெயரைப் பற்றிக்கொள்வது மலையகத்துக்கே உரிய பலவீனமும் அன்று. 1952இல் டி. எஸ். சேனாநாயக்க மறைந்ததும் மகன் டட்லி பிரதமரானார். 1959இல் பண்டாரநாயக்க கொல்லப்பட்டபின் 1960இல் மனைவியும், 1994இல் மகளும் ஆட்சிக்கு வந்தனர். படித்த கொழும்பு இதையெல்லாம் ஜனநாயகம் என்றே பெயரிட்டு அழைத்தது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்பும் பேத்தியின் கேள்வி அப்படியே நிற்கிறது. தொண்டமான் 1999 அக்டோபர் 30ஆம் தேதி காலமானார். அவர் மறைந்தபின் பேரன் ஆறுமுகன் தொண்டமான் ஸ்தாபனத்தை நடத்தினார். அவர் 2020 மேயில் காலமானதும், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவர் மகன் ஜீவன் தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். 2024இல் நுவரெலியா மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்ற அலையிலும் அவர் மீண்டும் தெரிவானார். ஓர் இளைஞர் தம் தகுதியால் தெரிவாவாரானால், கொள்ளுப்பாட்டனாரின் பெயர் அவருக்குத் தடையாகவும் கூடாது. நமது வழக்கு அவரோடு அன்று. தகுதி உண்டா என்று கேட்பதையே பாவமாக்கிவிடும் அந்த 'நன்றி' என்ற சொல்லோடுதான்.

மறைந்தவரின் செல்வாக்கு வெறும் பக்தியால் மாத்திரம் நிலைப்பதில்லை. அதற்கு ஓர் இயந்திரமும் உண்டு. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டுச் சங்கத்துக்குச் செல்லும் சந்தா. தோட்டந்தோறும் ஒரு தலைவர். துரையிடம் பேச வேண்டுமானால் அவர் மூலமாகவே பேசவேண்டும் என்ற வழக்கம். 2021இல் கம்பனிகள் விலகும் வரையில், சம்பளத்தை முடிவுசெய்த கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து. பேர் போடுவதில் தகராறு வந்தாலும், அரைப்பேர் விழுந்தாலும், மகனுக்கு ஒரு வேலை வேண்டுமானாலும் அந்த வாசலுக்கே போகவேண்டியிருந்தது. இப்படித் தேவையும் நன்றியும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் இடத்திலே, இது அன்பா, வேறு வழியின்மையா என்று பிரித்தறிவது கடினம். மலையில் நின்று கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்கள். சங்கத்தின் மேல்நாற்காலிகளிலோ பெரும்பாலார் ஆண்கள். நன்றி செலுத்துபவர் ஒரு சாரார், பெறுபவர் மற்றொரு சாரார் என்றாகிவிட்ட உறவு இது.

இத்தகைய நன்றி எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்குத் தாய்லாந்து தரும் பாடம் ஒன்றுண்டு. 2001இல் பிரதமரான தக்ஸின் ஷினவத்ரா, 30 பாட் கட்டணத்தில் வைத்தியம் என்ற திட்டத்தைக் கொணர்ந்தார். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள ஏழை விவசாயிகள் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 2006இல் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. பின்னர் 15 ஆண்டுகள் அவர் வெளிநாட்டில் இருந்தும், அவர் பெயருக்கே வாக்குகள் விழுந்தன. தங்கை யிங்லக் 2011இல் பிரதமரானார். 2014இல் அவரது ஆட்சியும் இராணுவப் புரட்சியில் முடிந்தது. 2023 தேர்தலில் மாற்றம் வேண்டி நின்ற புதிய கட்சியொன்று முதலிடம் பெற்றும் ஆட்சி அதற்குக் கிட்டவில்லை. தக்ஸினின் கட்சியோ, எந்த இராணுவத்தால் தான் கவிழ்க்கப்பட்டதோ அந்த இராணுவத்தின் ஆதரவுக் கட்சிகளோடு கூடி ஆட்சியமைத்தது. அதே ஆகஸ்டில் அவரும் நாடு திரும்பினார். 2024இல் மகள் பேடோங்டார்ன் பிரதமரானார். 2025 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவி நீக்கியது. அடுத்த மாதமே தந்தை ஓராண்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அந்த நீதிமன்றங்களும் இராணுவமும் மக்கள் தீர்ப்பை மதித்தவை என்று நாம் சொல்ல வரவில்லை. நமக்கு முக்கியமானது வேறு. வைத்தியத்துக்கு நன்றியாக விவசாயி அளித்த வாக்கு, அவன் கேளாத ஒரு பேரத்துக்கு முதலாகிவிட்டது. கேள்வி கேளாமல் கொடுத்த நன்றியை, வாங்கியவர் எதற்கும் செலவிடலாம். நம் மலையகத்திலும் இதற்கு ஒப்பான ஒன்றை நினைவுகூரலாம். 1983 ஜூலையில் தோட்ட மக்களும் தாக்கப்பட்டு அகதிகளானபோது, அவர்கள் தலைவர் அமைச்சராக இருந்த ஆட்சியே நடந்துகொண்டிருந்தது. அமைச்சரவையில் இருந்ததனாலேயே 1986இன் சட்டத்தைப் பெற முடிந்தது என்பார் உண்டு; அது வாதிக்கத்தக்க நியாயமே. நாம் கேட்பதும் அந்த வாதத்துக்கு இடம் வேண்டும் என்பதைத்தான்.

நன்றி என்றதும் வள்ளுவரை மேற்கோள் காட்டாதார் இல்லை. ஆனால் செய்ந்நன்றி அறிதலை அவர் எங்கே வைத்தார்? அறத்துப்பாலில், இல்லறவியலிலே வைத்தார். அது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையேயான அறம். பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கும் காரியத்தைப் பேசும்போது அவர் பொருட்பாலுக்குப் போய், தெரிந்து தெளிதல் என்று தனி அதிகாரமே வகுக்கிறார். ஆராய்ந்து தேர்க என்கிறார். அறிய வேண்டியதை அறியாதவரை அன்பு காரணமாகவே தேர்வது பேதைமை என்று கண்டிக்கிறார். வீட்டுச் சுவரில் ஒருவர் படத்தை வைப்பது முதல் அறத்தைச் சேர்ந்தது. வாக்குச் சீட்டில் புள்ளடி இடுவது இரண்டாம் அறத்தைச் சேர்ந்தது. இரண்டையும் குழப்புவதே நமது நோய்.

இனி, அந்த உதவியைச் செய்தவர் யார் என்பதையும் பார்ப்போம். தலைவர் ஒருவர் தனியே நின்று மலையகத்தின் உரிமையை வாங்கித் தந்தாரா? தொண்டமானுக்கு முன்பே, 1931இல், ஹட்டனில் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியவர் கோ. நடேசய்யர், அவரோடு தோட்டந்தோறும் சென்று பாடியும் பேசியும் கிளர்ச்சியூட்டியவர் மீனாட்சி அம்மாள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் விழுந்தவர் கோவிந்தன். தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்று, 1977 மே 11ஆம் தேதி டெவன் தோட்டத்தில் குண்டுக்குப் பலியானவர் சிவனு லெட்சுமணன். இவர்கள் படங்கள் எத்தனை லயங்களில் தொங்குகின்றன? இவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு நாம் எத்தனை வாக்குப் போட்டோம்?

நாம் அந்த மூதாட்டியிடம், "1986 தைமாதத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டோம்.

"எங்க இருப்பேன்? கோயில் முன்னாலதான். இவ அம்மாவ மடியில போட்டுக்கிட்டு விடியக்காலயே போய் உக்காருவோம். பேரு போடலேன்னா சம்பளம் இல்ல. அந்த மாசம் கடையில கடன்தான். லயத்துல யாரும் மலைக்குப் போகல" என்றார்.

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் அதுவரை கேட்டதில்லை. பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சுவரிலே படமும் இல்லை.

அந்தச் சட்டத்துக்கு விலை கொடுத்தவர்களில் இந்த மூதாட்டியும் ஒருவர். அவர் கடனாளி அல்லர், கடன் கொடுத்தவர். தலைவர் அம்மக்களின் வலிமையைச் சரியான வேளையில் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர். அதற்குரிய மதிப்பு அவருக்கு என்றும் உண்டு. ஆனால் அந்த வலிமை கோயில் முன்னால் சம்பளமிழந்து அமர்ந்திருந்தது. அதைத் தாங்கியவரே, எல்லாம் தமக்குப் பிச்சையாகக் கிடைத்தது என்று நம்பும்படி ஆகிவிட்டதுதான் இந்த நன்றி அரசியலின் மிகப் பெரிய தீங்கு. உரிமையைத் தானே ஈட்டியவர் அதன் கணக்கைக் கேட்பார். தானமாகப் பெற்றதாக எண்ணுபவர் கேட்கமாட்டார்.

2023இல் மலையக மக்கள் இம்மண்ணுக்கு வந்த 200 ஆண்டு நிறைவு நினைவுகூரப்பட்டது. இன்னும் லயங்கள் இருக்கின்றன. குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. முன்னோர் தொடங்கிய வேலை முடியவில்லை. அதை முடிக்க வல்லவர் யார் என்று ஆராய்ந்து வாக்களிப்பது தொண்டமானுக்கும் நன்றி, நடேசய்யருக்கும் நன்றி, சிவனு லெட்சுமணனுக்கும் நன்றி. அப்படி ஆராய்ந்தபின், அந்தக் குடும்பத்துப் பிள்ளையே தகுதியானவர் என்று பேத்தி முடிவு செய்தாலும் நமக்கு மறுப்பில்லை. அப்போது அது அவளுடைய முடிவாக இருக்கும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! சுவரிலுள்ள படத்தைக் கழற்றும்படி எவரிடமும் சொல்ல வேண்டாம். அந்தப் படத்தின் கீழே அமர்ந்திருக்கும் முதியவரிடம், நாம் கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை எழுதி வையுங்கள். நாம் விடைபெற்று வந்தபோது லிந்துலையின் அந்த லயத்து அறையிலே பாட்டியும் பேத்தியும் 1986ஐப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தனர். யாருக்கு வாக்களிப்பது என்பதில் இருவரும் இன்னும் உடன்படவில்லை. ஆனால் 'நன்றி கெட்டவள்' என்ற சொல் அதன்பின் அங்கே எழவில்லை.