இழுக்கவா, தூக்கவா

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு அதற்குப் பிறகு பெரிய பாடு, விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்துவது. அறுத்துவிடலாம், அறுத்ததை நகர்த்துவதில்தான் முதுகு போகும். கயிறு வழுக்கும். சங்கிலி என்றால் கடப்பாரையால் கட்டையை நெம்பி, அடியில் கைவிட்டுக் கோக்க வேண்டும். மரம் இழுக்கும் இரும்பு இடுக்கியின் அருமை அப்படிக் கைவிடும்போதுதான் தெரியும்.

*

அடுப்படி இடுக்கியில் பிடியின் பலம் நம் விரலில் இருக்கிறது. மர இடுக்கியில் அது கட்டையின் கனத்தில் இருக்கிறது. வளைந்த இரண்டு கரங்கள் ஒரு தறையாணியில் குறுக்காகச் சேர்கின்றன. மேல்முனைகளைக் கண்ணிகள் ஒரு வளையத்தோடு பிணைக்கின்றன. வளையத்தை இழுத்தால் மேல்முனைகள் நெருங்கும். கீழே கூர்கள் மரத்துக்குள் இறங்கும். கட்டை எவ்வளவு முரண்டுகிறதோ அவ்வளவு இறுகும். இழுவை நின்றால் பிடியும் தளரும்.

இந்தத் தளர்ச்சி வசதிதான். குனிந்து அவிழ்க்க வேண்டியதில்லை. ஆனால் சரிவில் இறங்கும்போது கட்டை தானாக முன்னே சறுக்கும், சங்கிலி தொய்யும், இடுக்கி கழன்றுகொள்ளும். கட்டைக்கு முன்னால், சரிவின் கீழ்ப்பக்கம் ஆள் நடக்கக் கூடாது என்பது அதனால்தான்.

*

பட்டறையில் விசாரித்தபோது ஆசாரி விலை சொல்லவில்லை. "இழுக்கவா, தூக்கவா? மொதல்ல அதைச் சொல்லுங்கண்ணே" என்றார்.

சரியான கேள்வி. இழுக்கையில் பிடி விட்டால் கட்டை தரையிலேயே கிடக்கும். தூக்குகையில் விட்டால் அது யாருடைய கால் என்பதுதான் மிச்சம். இழுவைக்கென்று அடித்த இடுக்கியைச் செயின் பிளாக்கில் மாட்டக் கூடாது. தூக்குவதற்கு, தாங்கும் எடை இரும்பிலேயே பொறித்தது வேண்டும்; அது பட்டறை வேலை இல்லை. எனக்குத் தூக்கும் வேலை கிடையாது என்றேன். அதன்பிறகுதான் கரியைக் கிளறினார்.

இரும்பைப் பற்றியும் பேசினோம். வார்ப்பிரும்பு கூடவே கூடாது. காய்ச்சி அடித்ததாக இருக்க வேண்டும். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு ஈடில்லை. இடுக்கியின் கரத்துக்கு வேறு குணம் தேவை: பாரம் மீறினால் வளைந்து காட்ட வேண்டும், சொல்லாமல் ஒடியக் கூடாது. வளைவில் வெல்டிங் தழும்பு இருக்கும் பழைய இடுக்கியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

*

நம் மரவாடிகளில் மரத்தைச் சுற்றளவால் அளக்கிறார்கள். இடுக்கியை வாய் விரியும் அகலத்தால் அளக்கிறார்கள். நடுவில் 3.14 நிற்கிறது. நாலடிச் சுற்றளவுள்ள கட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 15 அங்குலம்.

எடைக்கு வரும்போது இன்னும் கவனம் வேண்டும். மரவாடிக் கணக்கு, சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதையே அதால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. நாலடிச் சுற்றளவு, பத்தடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையில் அந்தக் கட்டை 12.7 கன அடி. பலகை போடும்போது ஓரம் கழியும் என்பதால் வியாபாரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் கழியப்போகும் ஓரமும் இப்போது சங்கிலியில்தான் தொங்குகிறது. பச்சை மரம் பல சமயம் தண்ணீருக்குச் சமமாகக் கனக்கும். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, பத்து கன அடி என்று சீட்டில் எழுதிய கட்டை 360 கிலோ வரை இருக்கலாம். சீட்டை நம்பி இடுக்கி வாங்கினால் கால்பங்குக்கு மேல் கணக்கு இடிக்கும்.

*

கூர் பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட வேண்டும். தைலமரப் பட்டை நாராக உரிந்து இடுக்கியோடு வந்துவிடும். கூர் இறங்கும் இடத்தில் அரிவாளால் இரண்டு கொத்து கொத்திவிட்டு மாட்டுவது நல்லது. தென்னை வேறு சாதி. வைரம் வெளியே, சோறு உள்ளே. தொல்காப்பியர் இப்படிப்பட்டதைப் புல் என்று ஒதுக்கியது இழுத்துப் பார்த்தவனுக்கு நன்றாகவே புரியும்: மழுங்கிய கூர் மேலே வழுக்கும், நல்ல கூர் சிக்கென்று நிற்கும். மழுங்கினால் அரத்தால் மெதுவாகத் தீட்ட வேண்டும். கிரைண்டரின் சூடு முனையின் பதத்தை எடுத்துவிடும்.

*

ஆனைமலையில் தேக்குத் தடிகளைச் சரிவில் சறுக்கிவிட்ட இடம் டாப்ஸ்லிப். அந்தக் காடுகளில் சறுக்கும் இடம்வரை கொண்டுசேர்த்தது யானை. கேரளத்தில் மரம் வெட்டும் கூப்புகளில் வடத்தின் நுனியை யானை வாயில் கவ்வி இழுக்கும். தடி எங்காவது மாட்டினாலோ உருண்டாலோ அதுவே விட்டுவிடும். டிராக்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. வேரில் முட்டினாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். கொக்கியை உயரத்தில் மாட்டியிருந்தால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாகக் கவிழும். மாட்டுவது தாழ்வாக, பின் அச்சுக்குக் கீழே. தொய்வை மெல்ல எடுத்த பிறகுதான் இழுவை; வெடுக்கென்று இழுத்தால் பாரம் பலமடங்காகும்.

கூர்களைக் கட்டையின் நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே, நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பதித்தால் தலை லேசாக எழும், மண்ணை உழாது.

*

இப்போது கையில் இருக்கும் வேலை ஒரு பட்டுப்போன வேம்பு. அடியில் ஐந்தடிச் சுற்றளவு, கவைக்கு மேலே இரண்டடி. அதாவது 19 அங்குலமும் ஏழரை அங்குலமும். இரண்டையும் ஒரே இடுக்கி நன்றாகப் பிடிக்காது: பெரிய வாய் சின்னக் கட்டையில் மூடிக்கொள்ளும், சின்ன வாய் பெரிய கட்டையின் மேல்புறத்தை மட்டும் கீறிவிட்டு எகிறும். அடிமரத்தில் பலகை எடுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்தால் கடப்பாரையால் உருட்டிவிடலாம்.

ஆசாரியிடம் சொன்னேன். "அப்ப சின்னதே போதும்ணே, எட்டு அங்குலம் பிடிக்கிற மாதிரி அடிச்சிடுறேன்" என்றார். பத்து பிடிக்கட்டும் என்றேன். வேலியோரம் ஒரு பூவரசும் சாய்ந்திருக்கிறது.